முப்பது குளிசை, மூன்று நாள்: நாட்பட்ட இரத்தப் புற்றுநோயும் மலையகத்தின் அன்றாடமும்

"அவங்களுக்குக் கேன்சராம். ஆனா போன கிழமைகூட மலைக்குப் போய் கொழுந்து எடுத்தாங்களே?" தோட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, நோய் என்பது பொய். இல்லாவிட்டால், ஆள் இன்னும் கொஞ்ச நாள்தான். இரண்டும் தவறு. இருபது வருடத்துக்கு மேலாக மூன்றாவது ஒரு நிலை இருக்கிறது. புற்றுநோய் உடம்பில் இருக்கும், குளிசையும் தினமும் இருக்கும், ஆள் வேலை செய்வார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார், வாக்குப் போடுவார், திருவிழாவுக்குக் காசு சேர்ப்பார்.

இந்த நிலை எப்படி வந்தது, இலங்கையின் தேயிலை மலையகத்தில் அது எதை நம்பி நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

"நாட்பட்ட" என்றால் என்ன

நாட்பட்ட நோய் என்ற சொல்லை நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கேட்டுப் பழகியிருக்கிறோம். முற்றாக இல்லாமல் செய்ய முடியாவிட்டாலும், மருந்தால் அடக்கி வைத்துக்கொண்டு நெடுங்காலம் வாழலாம் என்பது அதன் பொருள். புற்றுநோய்களிலும் சில இந்த வரிசைக்கு வந்துவிட்டன. வயதானவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயில், சிலருக்குத் தொடக்கத்தில் மருந்தே கொடுக்காமல் இரத்தத்தை மட்டும் அவ்வப்போது சோதித்து வருவார்கள். எலும்பு மச்சையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் அடங்கும், திரும்ப வரும், மறுபடி மருந்து தொடங்கும். பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயிலும் ஹோர்மோன் குளிசைகளோடு பல வருடம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றில் மிகத் தெளிவான உதாரணம் நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோய். கிளினிக்கில் சி.எம்.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அதை வைத்தே நகர்கிறது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்று வரும் வாய்ப் புற்றுநோயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கதை வேறு. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு கிழமையும் பெறுமதியானது.

உடம்புக்குள் நடப்பது

1. எலும்புக்குள் இருக்கும் மச்சைதான் இரத்தக் கலங்களின் நர்சரி. சிவப்புக் கலங்கள், வெள்ளைக் கலங்கள், இரத்தச் சிறுதட்டுகள் மூன்றும் அங்கேதான் உருவாகின்றன.

2. அங்குள்ள ஒரு கலத்தில் 9ஆம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோமின்) ஒரு துண்டும் 22ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் குட்டையாகிப்போன 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் இருவரும் கண்டார்கள். அந்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இது துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார்.

3. ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புது மரபணு உண்டாகிறது. அது ஒரு நொதியத்தை உருவாக்குகிறது. சாதாரண நொதியம் தேவைக்கு வேலை செய்து ஓய்ந்துவிடும். இது மூடாத தண்ணீர்க் குழாய் மாதிரி ஓய்வதே இல்லை. "பெருகு, பெருகு" என்று வெள்ளைக் கலங்களுக்கு உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

4. விளைவாகக் களைப்பு, இரவு வியர்வை, மெலிவு வரும். மண்ணீரல் வீங்குவதால் இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் தெரியும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். பலருக்கு இவை எதுவும் தெரிவதில்லை. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாக அகப்படும்.

இந்த முறிவு பிறவியிலேயே வந்ததல்ல. தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை, பிள்ளைக்குப் போவதில்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொற்றாது. கலியாணப் பேச்சுகள் இந்த ஒரு பயத்தால் நின்றுபோகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்தில்லாமல் விட்டால், சில வருடம் மெல்ல நகரும் நோய் ஒரு கட்டத்தில் வேகமெடுத்து, கட்டுக்கு மிஞ்சிய கடுமையான இரத்தப் புற்றுநோயாக மாறும். முன்பெல்லாம் முடிவு அதுதான்.

குளிசை வந்த கதை

மூடாத அந்தக் குழாயை அடைக்கும் இமாட்டினிப் என்ற குளிசைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுப்பது. முதல் பெரிய ஆய்வில் இதைத் தொடங்கியவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். 10 வருடத்துக்குப் பின் சுமார் 83 சதவீதமானோர் உயிரோடு இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

குளிசை கண்டுபிடிக்கப்பட்டதோடு அது ஏழையின் கைக்கு வந்துவிடவில்லை. இந்தியாவில் காப்புரிமை கோரிய கம்பனியின் குளிசைக்கு அப்போது மாதம் ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் விலை. உள்ளூர்க் கம்பனிகள் செய்த அதே மருந்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காப்புரிமையைக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்து நின்றவர்களில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் இருந்தது. 2006 ஜனவரியில் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு மேலே மேலே போய், 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதி செய்தது.

நோயாளிகளுக்காக நின்ற ஒரு சங்கம் காகிதம் எழுதி, அலுவலகம் ஏறி, ஏழெட்டு வருடம் விடாமல் நின்றதும் இந்த மருந்தின் வரலாற்றில் ஒரு பாகம். குளிசையை ஆய்வுகூடம் தந்தது. அதை வாங்கக்கூடிய விலையில் வைத்திருந்ததில் குடிமக்களுக்கும் பங்கு இருக்கிறது. இலங்கைக்குப் புதுச் செய்தியுமல்ல இது. கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்தின் பெயருக்கு வாங்க வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே சொன்னதும், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும் இதே வழியில்தான்.

முப்பதில் இருபத்தேழு

இப்போது கட்டுரையின் முக்கியமான கணக்குக்கு வருவோம்.

2010இல் இலண்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. இமாட்டினிப் எடுக்கும் 87 பேர் உண்மையில் எத்தனை குளிசை எடுக்கிறார்கள் என்று போத்தல் மூடியில் பொருத்திய கருவியால் கணக்கெடுத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 94 பேர் என்ற அளவுக்கு, ஏறக்குறைய எல்லோருக்குமே நோய் நல்ல ஆழத்துக்கு அடங்கியது. அதற்குக் கீழே போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோருக்கே அப்படி அடங்கியது.

இதை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். முப்பது நாளில் 90 சதவீதம் என்றால் இருபத்தேழு குளிசை. மூன்று நாள் தவறினால் விளிம்புக்கு வந்தாகிவிட்டது. இந்த மூன்று நாளை "விடுப்பு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளும் தவறக் கூடாது என்பதுதான் மருத்துவ விதி. மூன்று என்பது பள்ளத்தின் ஓரம்.

நோய் அடங்குகிறதா என்பதை ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பி.சி.ஆர். (PCR) என்ற இரத்தப் பரிசோதனை அந்தப் புது மரபணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கும். 3ஆம் மாதத்தில் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், 6ஆம் மாதத்தில் 1 சதவீதம் அல்லது கீழ், 12ஆம் மாதத்தில் 0.1 சதவீதம் அல்லது கீழ் என்பது பொதுவான படிகள். படி தவறினால் வைத்தியர் முதலில் கேட்பது, "குளிசையைச் சரியாக எடுக்கிறீர்களா?" என்பதைத்தான். அதற்குப் பிறகே நிலோட்டினிப், டசாட்டினிப் போன்ற அடுத்த வரிசை மருந்துகளைப் பற்றி யோசிப்பார்கள். பல வருடம் மிக ஆழமாக அடங்கியிருந்த சிலருக்கு, வைத்தியரின் கண்காணிப்பில், அடிக்கடி பி.சி.ஆர். எடுத்துக்கொண்டே குளிசையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டிலேயே நிறுத்துவது அதுவல்ல.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். குமட்டல் வரும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பகல் முழுக்கச் சரிவில் நின்ற காலுக்கு அது சாதாரண வேதனை இல்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அந்த முகத்தோடு நின்றால், "ராத்திரி வீட்ல சண்டையா?" என்று யாராவது கேட்பார்கள். முதல் மாதங்களில் இரத்தச் சிறுதட்டுகள் குறைந்தால், அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதமாகலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியரிடம் ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு, கிளினிக்கில் கேட்கும் மொழியில் பேசத் தெரிய வேண்டும். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் இங்கேயே சொல்லிவிடலாம். கர்ப்பம் தரிக்கும் எண்ணமிருந்தால், அதற்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். குளிசை வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில பொருட்கள் குளிசையின் அளவை இரத்தத்தில் கூட்டும், சில குறைக்கும். கிரேப்ஃப்ரூட் பழம் அப்படிக் கூட்டும் ஒன்று. அதன் உறவான ஜம்போலாவையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

ஒரு கிளினிக் நாள்

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். கண்டி தேசிய வைத்தியசாலையில் கிளினிக். விடிகாலை மூன்றரைக்கு எழும்பினால்தான் சரிவரும். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பெரிய பாதைக்கு டோர்ச் அடித்துக்கொண்டு நடை. மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் ஊடாக ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, கம்பளை, பேராதனை என்று கண்டி பஸ். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் கிளினிக் கொப்பி, போன மாத இரத்தப் பரிசோதனைத் துண்டு, அடையாள அட்டை, ஒரு போத்தல் தண்ணீர், வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் சம்பலும். குளிசையை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்பதால் ரொட்டியை விட்டுவிட்டு வர முடியாது. பஸ்ஸில் வாந்தி வரும் என்ற பயத்தில் சாப்பிடவும் முடியாது. கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில், இலக்கம் எடுத்த பிறகு, நின்றபடியே அந்த ரொட்டி உள்ளே போகும்.

இரத்தம் கொடுத்து, முடிவு வந்து, வைத்தியர் பார்த்து, மருந்துக் கவுண்டரில் வரிசை நின்று முடிய மத்தியானம் தாண்டிவிடும். திரும்பி லயத்துக்கு வரும்போது மறுபடி டோர்ச். சிகிச்சைக்கும் குளிசைக்கும் அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை. இது இந்த நாட்டின் பெரிய கொடை, இதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் அன்றைக்குச் செலவு இருக்கிறது: பஸ் காசு, துணைக்கு வந்தவரின் பஸ் காசு, இருவரின் ஒருநாள் சம்பளம்.

அந்த மூன்று நாள் இங்கேதான் கரைகிறது. கிளினிக் திகதி புதன். கொழுந்து கூடிய காலம், சம்பளத்தை விட முடியாமல் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட்டால் இடையில் ஏழு நாள் குளிசை இல்லை. கவுண்டரில் "பாதிதான் இருக்கு, ரெண்டு கிழமை கழிச்சு வாங்க" என்றால், இன்னொரு மூன்றரை மணி விடியல், இன்னொரு நாள் சம்பளம். 2022இல் டொலரும் இல்லை, எரிபொருளும் இல்லை என்றபோது மருந்தும் தட்டுப்பட்டது, அதை எடுக்கப் போக பஸ்ஸும் தட்டுப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகமெங்கும் மண்சரிந்து பாதைகளும் ரயில்பாதையும் துண்டிக்கப்பட்டன. மேசையில் எத்தனை குளிசை மிச்சம் என்பதுதான் அப்போது ஒரு நோயாளிக்குக் கேள்வி.

ஆகவே கையிருப்பாக பத்து நாள் குளிசையாவது வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பது பேராசை ஆகாது. அடைமழைக் காலத்துக்கு முன்பே கேட்க வேண்டும். குடும்பத்தோடு இடம்பெயர நேர்ந்தால் எடுத்துக்கொண்டு ஓடும் பையில் கிளினிக் கொப்பியின் படத்தைப் போனிலும், குளிசையைப் பொலித்தீன் உறையிலும் வைத்திருக்க வேண்டும். 2014இல் மண்சரிவில் புதையுண்ட மீரியபெத்தவை மறக்காத ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலையும் வீடும்

நோயை ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு, வெட்கத்தைவிடப் பெரிய காரணம் வீடு. லயக் காம்பிரா வேலையோடு கட்டப்பட்டது. "வேலைக்கு ஏலாது" என்று பெயர் வந்தால் காம்பிராவுக்கு என்ன ஆகும் என்ற பயம் தலைமுறைப் பயம். அதனால் கிலோவை எடுக்க முடியாத நாளிலும் ஆள் மலைக்குப் போய், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

சட்டம் சொல்வது இது:

1. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இது. "நீங்களே எழுதிக் கொடுத்துட்டு நின்னுக்கங்க" என்று யாராவது சொன்னால், அந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பதற்கு முன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். வைத்துவிட்டால் சம்மதம் கொடுத்ததாகிவிடும்.

2. ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு.

3. ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று மருத்துவ ரீதியாக உறுதியானால் ஓய்வு வயதுக்கு முன்பே முழுவதையும் பெறலாம். அதற்கு முன், மருத்துவத் தேவைக்காக 30 சதவீதம் வரை எடுக்கும் வழியும் நிபந்தனைகளோடு இருக்கிறது. குளிசையோடு வேலை செய்ய முடிகிற ஒருவர் அவசரப்பட்டு முழு நிதியையும் எடுத்து முடித்துவிடுவது நல்லதல்ல என்பது என் கருத்து. முன்னால் இருப்பது சில மாதமல்ல, பல வருடம்.

வேலையே வேண்டாம் என்று ஒதுங்குவதற்கும் முழுநேரம் மலையில் நிற்பதற்கும் நடுவே இடம் உண்டு. நர்சரி, பிள்ளை மடுவம், பெக்டரியில் இருந்து செய்யும் வேலை போன்றவற்றைக் கேட்பதற்கு வைத்தியரின் ஒரு கடிதம் போதுமானதாக இருக்கும். சங்கத்தின் மாதர் தலைவியிடம் முதலில் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு இலகுவாகும்.

கடதாசி என்ற இரண்டாவது நோய்

மலையகத்தில் ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும் என்பது மிகைப்படுத்தல் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. நான்காவதாகக் கிளினிக் கொப்பியில், தாதி காதில் விழுந்தபடி எழுதியது. மருந்து வாங்கும்வரை இது பிரச்சினையில்லை. உதவிப் பணத்துக்கோ சேமலாப நிதிக்கோ போகும்போதுதான் "இது வேற ஆள்" என்று கடதாசி திரும்பி வரும். கிளினிக் கொப்பி திறக்கும் முதல் நாளே அடையாள அட்டையை நீட்டி, அந்த எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை, பின்னால் ஒரு வருட அலைச்சலைத் தவிர்க்கும்.

அடுத்தது முகவரி. லயத்துக்குக் கடிதம் வருவது பெரும்பாலும் தோட்ட அலுவலகம் வழியாக. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் பிரிவில், கிளினிக் திகதி மாறியதைச் சொல்லும் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வரும். 2020 ஊரடங்கு நாட்களில் அரச ஆஸ்பத்திரிகள் கிளினிக் மருந்தைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பின. நாட்டால் இதைச் செய்ய முடியும் என்று அப்போது தெரிந்தது. ஆனால் வீட்டுக்குத் தபால் வர வீட்டுக்கு ஒரு இலக்கம் வேண்டும். "முகவரி" என்ற மலையகக் கோரிக்கையை வெறும் கௌரவப் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உதவிப் பணத்தைப் பொறுத்தவரை, மாகாண சமூக சேவைத் திணைக்களங்கள் காசநோய், புற்றுநோய் போன்றவற்றால் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு நோயுதவி கொடுக்கின்றன. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்க வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. அரச நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்கு வீடு பார்க்க வரும் உத்தியோகத்தர் கண்ணால் காண்பது நடமாடும் ஒருவரை. நோய் நிரந்தரமானது, மாதாமாதம் வேலை நாள் இழப்பு இருக்கிறது என்பதை அவர் கடதாசியில் காண வேண்டும். ஆகவே வைத்தியரிடம் நோயறிக்கை கேட்கும்போது "நீண்டகால நோய், வாழ்நாள் சிகிச்சை" என்ற விபரத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

மொழிக்கும் வருகிறேன். 1987, 1988ஆம் ஆண்டுகளின் 13ஆம், 16ஆம் திருத்தங்களுக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி, நிர்வாக மொழி. தமிழில் எழுதி, தமிழில் பதில் கேட்பது சலுகை கேட்பதாகாது. கிளினிக் அறையில் நிலைமை வேறுதான். மேசைக்கு அந்தப் பக்கம் சிங்களம், கொப்பியில் ஆங்கிலம். "கால் இழுக்குது, அதனால ரெண்டு நாள் போடல" என்ற ஒரு வரி மொழிபெயராமல் போனால், வைத்தியர் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணக்கூடும். படித்த பிள்ளை ஒன்றிடம் அந்த மாதத்தின் பிரச்சினைகளை ஒரு துண்டில் எழுதி வாங்கிப் போவது சிறிய காரியம். பலன் பெரிது.

குடிமகன் என்ற நிலையில்

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. கடைசிப் பகுதியினருக்கும் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. வாக்கில்லாத ஊருக்குப் பாதை வராது, ஆஸ்பத்திரி வராது என்பதை மலையகம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. நாட்பட்ட நோயாளிக்கு இது இன்னும் நெருக்கமான உண்மை. அவருடைய மூன்று நாளைத் தின்பது பாதை, பஸ், கையிருப்பு, கடிதம். இவற்றில் எதையும் வைத்தியர் சரிசெய்ய முடியாது. பொதுக் காரியத்தில் இறங்குவது நோயாளிக்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கக் கூடாது; குளிசை கைக்கு வருவதன் தொடர்ச்சி அது.

1. *வாக்கு.* சிகிச்சைக்காக மாதக்கணக்கில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ உறவினர் வீட்டிலோ தங்கினால், வாக்காளர் பதிவுப் படிவத்தில் பெயர் விடுபடாமல் பார்க்க வேண்டும். தபால் வாக்கு தேர்தல் கடமையிலுள்ளவர்கள் போன்றோருக்கே. ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிக்கு அந்த வசதி இல்லை. இது மாற வேண்டிய ஒன்று, மாற்றக் கேட்க வேண்டியவர்களும் நோயாளிகள்தான். உடல் இயலாமையால் தானே வாக்கைக் குறிக்க முடியாதவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்ல 2011இல் வந்த சட்டம் இடம் தருகிறது. சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

2. *பிரதேச சபை.* 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவாவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இன்றைக்கு "தோட்டப் பாதைக்கு எங்களால ஏலாது" என்று சபை சொன்னால், அந்தப் பழைய பதிலை ஏற்கத் தேவையில்லை. லயத்திலிருந்து பெரிய பாதை வரை அம்புலன்ஸ் இறங்கும் அளவுக்காவது ஒரு கொங்கிரீட் பாதை கேட்பது சபைக்குரிய கேள்வி. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம், ஆனால் அது எங்கே வந்து நிற்கும் என்பதைப் பாதைதான் தீர்மானிக்கிறது.

3. *ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழு.* பக்கத்து ஆஸ்பத்திரியின் குழுவில் கடை முதலாளிகளும் ஓய்வுபெற்ற அதிபர்களும் இருப்பார்கள். மாதாமாதம் மருந்து வாங்கும் ஒருவரும் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. கண்டியில் ஆரம்பித்த குளிசையை, நிலை சீரானவர்களுக்கு டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ கொடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கண்டிக்குப் போனால் போதுமா? இரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்ப முடியுமா?

4. *தகவல் உரிமை.* 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்தக் குடிமகனும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமாகக் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புடைய கேள்வி என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மருந்து இருப்பு பற்றிய கேள்வியை அந்த அடிப்படையில் கேட்பதாகக் குறிப்பிடலாம். ஏற்க மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு உண்டு.

விண்ணப்பத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இப்படி நாலு வரி போதும்:

"இமாட்டினிப் 400 மில்லிகிராம் குளிசை உங்கள் வைத்தியசாலையில் இன்றைய திகதியில் எத்தனை இருக்கிறது? கடந்த 12 மாதத்தில் எந்தெந்தத் திகதிகளில் இருப்பு முடிந்தது? அடுத்த தொகுதிக்கு எப்போது கட்டளை அனுப்பப்பட்டது? இது என் உயிரோடு தொடர்புடைய மருந்து என்பதால் 48 மணித்தியாலத்துக்குள் தமிழில் பதில் தரவும்."

கொடுத்ததும், பெற்றுக்கொண்டதற்கான துண்டை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். அது கொடுப்பது அவர்களுடைய கடமை. திகதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து, கிளினிக் கொப்பிக்குள், இரத்தத் துண்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.